ஒட்டாத நோய்

திருப்பதி பெரிய ஆஸ்பத்திரி வாசலில் அத்தை சிரித்ததுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. மூச்சுக்குழாயில் புற்று என்று டாக்டர் சொல்லிக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது, சாகப்போகிறவள் சிரிப்பாளா!

அத்தை என் நைனாவின் தங்கை. நகரி பக்கம் வேர்க்கடலை விளைகிற கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். புகையிலைப் பழக்கத்தால் கன்னத்தின் உட்புறம் புற்று வந்து, மதராஸில் ரேடியம் ஊசி வைத்து ஆற்றியிருந்தார்கள். கன்னம் ஒடுங்கியது, ஆள் பிழைத்தாள். இரண்டு வருஷம் கழித்து இருமல், இழுப்பு, சளியில் ரத்தம். காசம் என்று ஊரே முடிவுகட்டியது. உள்ளூர் டாக்டரும் அதற்கே ஊசி போட்டார். வாய்ப்புண் ஆறிவிட்டதால் பழைய நோயை யாரும் நினைக்கவில்லை. மாமியார் அவளை மாட்டுக் கொட்டகைக்கு மாற்றினாள். தட்டு தனி, செம்பு தனி. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். ஐந்து வயது மகளைக் கிட்டே விடாததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. எங்கள் பக்கம் மதராஸோடு சேருமா, ஆந்திராவில் நிற்குமா என்று எல்லா வாயிலும் அதே பேச்சாக இருந்த காலம். "ஊருக்கு எப்பக் கோடு போடுவானுங்களோ, என் மாமியா எனக்குப் போட்டுட்டா" என்பாள். குழந்தை வாசற்படியில் நின்று அம்மாவைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மருந்து கேட்காமல் போகவே நான் திருப்பதிக்கு அழைத்துப்போனேன். தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், வாயில் வந்த அதே புற்றுதான் மூச்சுக்குழாயின் உட்சுவரில் முளைத்திருக்கிறது, இப்படி ஆவது மிக அபூர்வம், இனிச் செய்வதற்கு அதிகமில்லை என்று என்னிடம் தெலுங்கில் சொன்னார். அத்தைக்குத் தெலுங்கு தெரியாதா என்ன? அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பிள்ளைக்கு ஒட்டுமா? ஒட்டாது என்றார்.

ஊர் வந்ததும் தெருவில் நின்று, இழுக்கிற மூச்சோடு கத்தினாள். "எல்லாரும் கேட்டுக்குங்க! எனக்குக் காசமில்ல, புத்துதான்! யாருக்கும் ஒட்டாது!" அத்தை நேரே வீட்டுக்குள் போய் மகளைத் தூக்கிக்கொண்டாள். அந்தக் கார்த்திகையைத் தாண்டவில்லை.

அந்த மகளுக்கு இப்போது எழுபது வயது. அம்மா முகம் நினைவில்லை என்கிறாள். "சுடுசோறு மட்டும் நெனப்பிருக்குது மச்சான். ஊதி ஊதி ஊட்டும். ரெண்டு வாட்டி ஊதினா அதுக்கே மூச்சு வாங்கும். கொஞ்சம் நிறுத்திக்கினு, மறுபடியும் ஊதும்."