மேனேஜருக்குக் கொடுக்காத வீடு

உள்ளங்கை அகல பனியன் வேஸ்ட் துணி. கட்டிங் டேபிளில் மிஞ்சுவது, மெஷின் எண்ணெய் துடைக்க வைத்திருப்பார்கள். கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு கம்பெனி பஸ்ஸில் போன நாட்களில், பால் கசிந்து சேலை நனையாமலிருக்க அதைத்தான் மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்வேன். அந்தத் துணியைப் பார்த்தால் எனக்கு அந்தக் கம்பெனி மேனேஜர் முகம்தான் ஞாபகம் வரும். இன்றைக்கும் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

அதற்கு முன் கம்பெனி டவுனுக்குள்ளேயே, ராயபுரத்தில் என் வீட்டுச் சந்து முனையில் இருந்தது. சாப்பாட்டு மணி அடித்ததும் பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் வீட்டுக்கு ஓடுவோம். பால் கொடுத்து, ரசம் சோறு இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, அடுத்த மணிக்குள் ஓவர்லாக் தையல் மெஷினில் இருப்போம். அந்த ஏற்பாட்டைத்தான் மேனேஜர் கெடுத்தார். ஊத்துக்குளிப் பக்கம் காட்டு நிலம் மலிவு என்று முதலாளி காதில் ஓதி, கம்பெனியையே அங்கே தூக்கிக்கொண்டு போனார். பக்கத்திலேயே மனை வாங்கித் தனக்கொரு மாடி வீடும் கட்டினார். "பாருங்க, கொஞ்ச நாள்ல டவுனே இங்க வந்துரும்" என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டார்.

நான் அவர் முன்னால் கைகட்டி நின்றேன்.

"ஏனுங்க சார், பச்சக் கொழந்தக்காரிகளுக்கு மட்டும் பழைய ஷெட்டுல நாலு மெஷின் விட்டுருங்க. நடந்து வந்து தெச்சுக் குடுத்தர்றோமுங்க."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பஸ் விடறமில்லீங்க? அப்புறம் எதுக்கு நடக்கோணும்?"

விடியுமுன் ஏற்றிப்போன பஸ் இருட்டிய பிறகுதான் இறக்கிவிடும். கம்பெனி கக்கூஸில் பாலைப் பீய்ச்சிவிட்டு அழுவேன். மகள் புட்டிப்பாலுக்குப் பழகி, நான் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாசமாய்ப் போக என்று அன்றைக்கு வாய்விட்டுச் சொன்னேன். சொன்னது சொன்னதுதான்.

கம்பெனி இருந்த பழைய ஷெட் ஒரு பாய்க்குச் சொந்தம். வெகுகாலம் காலியாகக் கிடந்த அதை இடித்து என்ன கட்டலாம் என்று, அதற்குள் சொந்தமாக மெஷின் போட்டு, மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைக்கும் ஜாப் ஒர்க் எடுக்க ஆரம்பித்திருந்த என்னைக் கேட்டார். கீழே தையல் யூனிட், மளிகைக் கடை, பால்வாடி, மேலே வீடுகள், நடுவில் வண்டி நுழையாத நடைவழி என்றேன். அப்படியே கட்டினார். குடிவைக்கிற பொறுப்பையும் என்னிடமே விட்டார்.

போன மாதம் ஒரு மத்தியானம் கீழே என் தையல் யூனிட் வாசலில் மேனேஜர் வந்து நின்றார். டவுன் அவர் வீட்டுப் பக்கம் எட்டியே பார்க்கவில்லை. கண் ஆபரேஷனுக்குப் பிறகு காரும் ஓட்ட முடியாதாம். கருவேப்பிலைக்குக்கூட யாரையாவது கெஞ்ச வேண்டியிருக்கிறதாம். மனைவி ஜெயிலில் கிடப்பதுபோல் கிடக்கிறாராம்.

"மேல ஒரு ஊடு காலியா இருக்குதுன்னாங்க. கடை கண்ணியெல்லாம் நடந்து போற தூரமுங்களாமா. குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகுமுங்க."

காலியாகத்தான் இருந்தது. சாவி என் இடுப்பில் தொங்கியது. அந்த அம்மா என்ன பாவம் செய்தார் என்று கேட்பீர்கள். என் மகள் என்ன பாவம் செய்தாள்?

"உங்க பக்கம் பஸ் வருதில்லீங்க? அப்புறம் எதுக்கு நடக்கோணும்?" என்றேன்.

தான் சொன்னதுதான் என்று அவருக்கு ஞாபகமே இல்லை. மலங்க மலங்க விழித்தார். பஸ் ஸ்டாப்பிலிருந்து வெயிலில் நடந்துவந்த வேர்வை நெற்றியில் வழிந்தது. மெஷின் பக்கத்துக் கூடையிலிருந்து ஒரு வேஸ்ட் துணியை எடுத்து நீட்டினேன்.

"தொடச்சுக்கங்க சார்."

வாங்கித் துடைத்துக்கொண்டார். அப்போது சாப்பாட்டு மணி அடித்தது. பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க மாடியில் தங்கள் வீடுகளுக்கு ஓடிய என் யூனிட் பெண்களுக்கு அவர் ஒதுங்கி வழிவிட்டார்.