மஞ்சளாகத் திரும்பிய சாம்பல்

1. முட்டியில் ஒரு புண்

பாய்லர் ஃபயர்மேன் முனுசாமி அண்ணன் என்னிடம் கையை நீட்டியபோது காலை எட்டு மணி இருக்கும். விரல் முட்டியில் ஒரு புண். வட்டமாக, ஆழமாக, ஆணியால் குடைந்ததுபோல. வலிக்கவில்லை என்றார். இரண்டு நாளாக மூக்கில் ரத்தம் வருவதையும் சளி பிடித்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

“அனல்ல நிக்கிற ஒடம்பு. சூடு ஜாஸ்தியாயிப் போச்சு. வேற ஒண்ணுமில்ல.”

எனக்கு அந்தப் புண்ணைத் தெரியும். தோல் பதனிடப் பைக்ரோமேட் உப்பு கரைக்கிற ஆட்களின் கையில் பார்த்திருக்கிறேன். குரோம் புண் என்போம். ஆனால் முனுசாமி அண்ணன் பைக்ரோமேட் டப்பா இருக்கும் பக்கமே போகிறவர் இல்லை. அவர் வேலை பாய்லருக்கு எரியும் பொருள் தள்ளுவது. அந்த எரிபொருள் என் யோசனை.

2. என் யோசனை

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் அப்போது நான் லேப் அசிஸ்டென்ட். குடியாத்தத்தில் தறி நெய்கிற குடும்பம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டியவனே நான்தான், வேலூரில் பி.யு.சி. வரை படித்தேன். அதனால் எதையாவது செய்து காட்ட வேண்டும் என்ற துடிப்பு கொஞ்சம் அதிகம்.

அந்தக் கோடையில் மலையிலிருந்து விறகு லாரி வருவது குறைந்துபோனது. பாய்லர் அணைந்தால் தோலுக்குச் சாயம் ஏற்றும் டிரம்முக்கு வெந்நீர் இல்லை. மேனேஜர் கரீம் பாய் தவித்துக்கொண்டிருந்தார். கழிவுநீர்க் குழியில் பச்சையாகப் படிந்து கிடந்த சேறு என் கண்ணில் பட்டது. அதில் ரோமம், கொழுப்பு, ஜவ்வு எல்லாம் இருக்கிறது. ஆவாரம்பட்டைச் சக்கையோடு பிசைந்து வரட்டி தட்டினால் எரியும் என்றேன். சேறு கையில் ஒட்டி வழிந்தது. தோலின் ரோமம் நீக்க ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியின் அடி மண்டியைக் கலக்கச் சொன்னேன். நன்றாக இறுகி, ஒரே வெயிலில் காய்ந்தது. பெண்கள் தட்டித் தட்டி மதில் ஓரம் முழுக்க அடுக்கினார்கள்.

வரட்டி எரிந்தது. கரீம் பாய் என் முதுகில் தட்டி, “நம்ம கெமிஸ்ட்டு” என்று எல்லோரிடமும் சொன்னார். அன்றிலிருந்து எனக்குக் கெமிஸ்ட் என்றே பெயர். கடிதத்தில் அப்பாவுக்கும் எழுதிவிட்டேன்.

மூன்று வாரம் இப்படி ஓடியது.

3. கண்ணாடிக் குவளை

புண்ணைப் பார்த்ததும் பாய்லர் அடியிலிருந்து ஒரு கை சாம்பலை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனேன். தண்ணீரில் கலக்கி வடிகட்டினேன். குவளையில் இறங்கிய தண்ணீர் நல்ல மஞ்சள். அதில் ஆசிட் விட்டேன்; ஆரஞ்சானது. வெல்லப்பாகு சேர்த்துச் சூடு காட்டினேன், பச்சையானது.

இதைத்தான் நாங்கள் தினமும் பெரிய தொட்டியில் செய்கிறோம். ஆரஞ்சு நிற பைக்ரோமேட் விஷம். வெல்லப்பாகு போட்டுக் காய்ச்சிப் பச்சையாக்கி, அந்தப் பச்சையைத் தோலுக்குக் கொடுக்கிறோம். தோல் குடித்தது போக மிச்சம்தான் குழியில் சேறு. நான் அதில் சுண்ணாம்பைக் கலந்து, காற்றோட்டமுள்ள அடுப்பில் வறுத்து, பச்சையைத் திரும்ப விஷமாக்கியிருந்தேன். சும்மா இருந்தால் குழியிலேயே கிடந்திருக்கும். இப்போது சாம்பலில் இருந்தது. சாம்பல் பறந்த இடத்திலெல்லாம் இருந்தது, புகைபோக்கி வழியாகப் போன தூசியிலும் இருந்தது.

இன்னொரு முறை செய்து பார்த்தேன். அதே மஞ்சள். குவளையை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அன்று முழுவதும் யாரிடமும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், இன்னும் சரிபார்க்கலாம் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஜன்னல் வழியே பார்த்தால் முனுசாமி அண்ணன் மண்வெட்டியால் சாம்பல் வாரிக்கொண்டிருப்பது தெரிந்தது. நான் ஜன்னல் பக்கம் போகாமல் வேலை பார்த்தேன்.

4. கரீம் பாய் அறையில்

மறுநாள் காலை குவளையோடு போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“அப்ப பைக்ரோமேட் நமக்குத் திரும்பக் கெடைக்குதுன்னு சொல்லு. நல்லதுதானே தம்பி?”

“பாய், ஃபயர்மேனுக்கு மூக்குல ரத்தம் வருது. கையில குரோம் புண்ணு. வரட்டிய இன்னிக்கே நிறுத்தணும்.”

அவர் முகம் மாறியது. மெட்ராஸுக்குப் போகவேண்டிய தோல் சரக்கு டிரம்மில் இருக்கிறது, நாலு நாள் ஓட்டு, அப்புறம் பார்க்கலாம் என்றார். முனுசாமிக்கு ஒரு துணி கொடுத்து மூக்கைக் கட்டிக்கொள்ளச் சொல் என்றார். நான் நகரவில்லை.

“யோசனை சொன்னவனும் நீ. இப்ப பேஜார் பண்றவனும் நீ. இன்னாதான் வேணும் உனுக்கு?”

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. எங்கள் பக்கத்தில் பாய்லர் சாம்பலை யாரும் கொட்டிவிடுவதில்லை. பாத்திரம் தேய்க்க ஆளுக்கொரு கூடை வீட்டுக்குப் போகும். வரட்டிச் சாம்பலில் கரி பிடித்த தேக்சாப் பாத்திரம்கூடப் பளிச்சென்று ஆகிறது என்று பெண்கள் போட்டி போட்டு வாங்கிப்போனார்கள்.

“பாய், சாம்பல் எங்கெல்லாம் போச்சுன்னு தெரியுமா?” என்று கேட்டேன்.

அவர் குவளையை மெல்ல மேஜைமேல் வைத்தார். கையைக் கைக்குட்டையில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

“எங்க வூட்டுக்கு ரெண்டு கூடை போச்சு,” என்றார்.

கால் மணி நேரத்தில் பாய்லர் அணைந்தது. மெட்ராஸ் சரக்கு டிரம்மிலேயே நின்றது.

5. திரும்ப வாங்கிய சாம்பல்

அன்று முழுக்க வீடு வீடாகப் போய்ச் சாம்பலைத் திரும்ப வாங்கினோம். சிரித்தார்கள். முனுசாமி அண்ணன் மனைவி கன்னியம்மா கொட்டாங்குச்சியில் சாம்பல் வைத்துக் குண்டான் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா கெமிஸ்ட்டு, சாம்பலக்கூட உங்க கம்பெனி திருப்பிக் கேக்குதா?”

அவர் விரலிடுக்கில் சிவந்து வெடித்திருந்தது. தண்ணீரில் நன்றாகக் கழுவச் சொன்னேன். எதனால் என்று திண்டாடித் திண்டாடிச் சொன்னேன். வரட்டி என் யோசனை என்பதையும் விடாமல் சொன்னேன். அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

“இது உனுக்கு எப்ப தெரியும்?”

“நேத்து காலைல.”

“நேத்து சாயங்காலம் வரைக்கும் நான்தானே வாரிக்கினு இருந்தேன்.”

“ஆமாண்ணே.”

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

கைப்புண் ஆற இரண்டு மாதம் பிடித்தது. அந்தத் தூசி அரித்து மூக்கின் நடுச்சுவரில் விழுந்த ஓட்டை ஆறவில்லை. மூச்சு விடும்போது மெல்லிய விசில் சத்தம் கேட்கும். இப்போதும் எங்கள் பாய்லரை அவர்தான் பார்க்கிறார், விறகு போட்டு. என்னோடு பேசுகிறார், டீ வாங்கிக் கொடுக்கிறார்.

புதிதாக லேபுக்கு வருகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். ஒரு பொருள் எரியுமா என்று பார்ப்பது பாதி வேலை. சாம்பலையும் கரைத்துப் பாருங்கள். அந்தத் தண்ணீரின் நிறம் மாறியிருந்தால் குவளையை அலமாரியில் வைக்காதீர்கள். கையில் பிடித்தபடியே வெளியே போய், முதலில் மண்வெட்டி வைத்திருக்கிறவரிடம் சொல்லுங்கள்.