என் லயத்துக்கு அவள் வைத்த குழாய்கள்

மனைவி மேல் சந்தேகப்பட்ட புருஷன்கள் நிறையப் பேர் உண்டு. மனைவியின் புரோகிராமைப் பார்த்து வயிறெரிந்தவன் அநேகமாக நான் ஒருத்தன்தான்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் நான் பிறந்த லயங்களுக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, புதிதாகத் தண்ணீர் வரப்போகிறது என்றார்கள். எத்தனை குழாய், எங்கெங்கே வைப்பது என்று நானே கணக்குப் போட்டுத் தருவதாக ஊர்க்கூட்டத்தில் மார்தட்டிவிட்டு வந்தேன். நானும் மனைவியும் பதுளையில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள். அவள் பதுளைக் கடைக்காரர் மகள். பிறந்த நாளிலிருந்து வீட்டுக்குள்ளேயே குழாய். குடம் சுமந்தவன் நான். அப்படியென்றால் திட்டமும் என்னுடையதாகத்தானே இருக்க வேண்டும்?

வழி எளிது. கம்ப்யூட்டர் முதலில் வாய்க்கு வந்தபடி ஏராளமான திட்டங்கள் போடும். மோசமானதைக் கழித்துவிட்டு, நல்லவற்றை இரண்டிரண்டாகக் கலந்து பிள்ளை பெறவைக்கும். தலைமுறை போகப் போகத் திட்டம் தேறிவரும். சிக்கல் என்னவென்றால், எத்தனை குழாய் வேண்டும் என்பதே நமக்குத் தெரியாது. அப்பன் திட்டத்தில் நாலு இருக்கும், அம்மா திட்டத்தில் ஒன்பது இருக்கும். நான் இரண்டு பட்டியலையும் கண்ட இடத்தில் வெட்டி ஒட்டினேன். பிறந்த பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமே! மேல் லயத்தில் ஒரே வாசலில் மூன்று குழாய். கீழ் லயத்தில் ஒன்றுகூட இல்லை.

என் அம்மா திரையை எட்டிப் பார்த்தார். "ஏன்டா, ஒருத்தி பல்லு வெளக்க, ஒருத்தி மூஞ்சி கழுவ, இன்னொருத்தி வேடிக்கை பாக்கவா?"

மனைவி சிரித்தாள். "பட்டியலை ஏங்க வெட்டுறீங்க? மேப்பை வெட்டுங்க. சரிவுக்குக் குறுக்கே ஒரு கோடு போடுங்க. கோட்டுக்கு மேல உள்ளதை அப்பன்கிட்ட எடுங்க, கீழ உள்ளதை அம்மாகிட்ட எடுங்க. எத்தனை வந்தா என்ன?"

"அதெல்லாம் சரிப்படாது" என்றேன். சரிப்படும் என்று அவள் பேசி முடிக்கும் முன்பே தெரிந்துவிட்டது. அதுதான் எரிச்சல்.

உலை கொதிப்பதற்குள் எழுதி ஓடவிட்டாள். கரண்ட் போகட்டும் என்று மனசார வேண்டினேன். போனது. என் கம்ப்யூட்டர் மட்டும் அணைந்தது. அவளுடையதில் பெட்டரி நன்றாக இருந்தது. கடைசியில் வந்த அவள் திட்டத்தில் குழாயும் குறைவு, எந்த வாசலும் தூரமில்லை.

அடுத்த ஊர்க்கூட்டத்துக்கு இரண்டு திட்டங்களையும் பையில் வைத்துக்கொண்டு மனைவியோடு போனேன். என்னுடையதையே காட்டிவிடலாம் என்று பஸ்ஸில் ஏறியபோது முடிவாகத்தான் இருந்தேன். கீழ் லயத்துச் சித்தி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் திட்டப்படி அவர் குடத்தோடு மேடேற வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு மற்றதை எடுத்தேன்.

"யாரு போட்டது இது?" என்றார் சித்தி.

"நாங்க."

"நாங்கன்னா?"

மனைவியைக் காட்டினேன். அவளைச் சுற்றிக் கூட்டம். சித்தி அவளிடம் கேட்டார், "ஏம்மா, இவனுக்கும் இதெல்லாம் தெரியுமா?"

"தெரியும் அத்தை. நல்லா உதவி செஞ்சாரு."

உதவி!

குழாய் போட்டாகிவிட்டது. தண்ணீர் வந்த அன்று சித்தி எனக்குப் போன் எடுத்தார். "வாசல்லயே புடிக்கிறேன்டா" என்றார். எனக்கும் கொஞ்சம் நெஞ்சு குளிர்ந்தது.

"சரி, மருமககிட்ட போனைக் குடு."

குடுத்தேன். ஸ்பீக்கரில் போடாமல் குடுத்தேன்.