வெர்டி கில்லிகினும் தூண்டில் சங்கத்துத் தொப்பியும்

வெர்டி கில்லிகினைப் பொறுத்தவரை மனிதர்களில் இரண்டே சாதி. மீனைத் தின்கிறவர்கள், மீனோடு படம் பிடித்துக்கொள்கிறவர்கள். இரண்டாவது சாதியைப் பற்றி அவள் ஒரு நல்ல வார்த்தை சொன்னதாக அவள் ஊரான ஹாக் பாயிண்டில் யாரும் சாட்சி சொல்ல முடியாது.

வயது அறுபத்தொன்று. வட கரோலினாவின் கோர் சவுண்ட் கழியில் கம்பு நட்டு அடைப்புவலை கட்டிப் பிழைக்கிறவள். புருஷன் எல்வுட் செத்த பிறகுதான் வலை அவள் கைக்கு வந்தது என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். "அவரு எஞ்சினைத் திட்டுவாரு, நான் வலையை இழுப்பேன். இப்ப திட்டுறதும் என் பொறுப்பாயிடுச்சு, அவ்வளவுதான்" என்பாள் வெர்டி.

அவளுக்கு வந்த வினை செங்கத்தாளை மீன் வழியாக வந்தது. வாலடியில் மையொற்றியதுபோல ஒரு கறுப்புப் பொட்டு உள்ள மீன். உருளைக்கிழங்கும் வெங்காயமும் அவித்த முட்டையும் சேர்த்து வேகவைத்து, மேலே பொரித்த பன்றிக்கொழுப்பைத் தூவினால், பத்து வருடம் பேசாத அண்ணன் தம்பிகூட மாதாகோயில் விருந்தில் ஒரே மேசைக்கு வந்துவிடுவார்கள். அந்த மீனை இனி 'விளையாட்டு மீன்' ஆக்கிவிட வேண்டும் என்று சட்டசபையில் ஒரு மசோதா வந்திருந்தது. தூண்டில்காரர்கள் பிடிக்கலாம், கொஞ்சலாம், விடலாம். வலைக்காரர்கள் விற்கக்கூடாது. மடவை மீன் ஓய்ந்த மாதங்களில் வெர்டியின் படகை மிதக்க வைத்ததே செங்கத்தாளைதான். சட்டம் வந்தால் படகை விற்றுவிட்டு, வாரக்கடைசியில் வந்துபோகிற எவனாவது பணக்காரனின் வீட்டுக்கு ஜன்னல் துடைக்கப் போக வேண்டியதுதான்.

மசோதாவைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர் டாக்டர் பிராண்ட்லி விட்லோ. ராலே நகரத்துப் பல் வைத்தியர், தூண்டில் சங்கத் தலைவர். கடலைக் காப்பாற்றுவதற்கென்றே தைத்த வெளிர்நீலச் சட்டையில் பதினோரு பைகள். அவர் படகின் மூன்று எஞ்சின்களில் ஒன்றின் விலைக்கு வெர்டியின் வீட்டை வாங்கலாம், மிச்சத்துக்குக் கூரையும் மாற்றலாம்.

ஆகஸ்டில் சங்கம் ஒரு போட்டி நடத்தியது. ஆளுயர மீன்களைப் பிடித்து, முதுகில் எண் போட்ட மஞ்சள் சீட்டைக் குத்தி, உயிரோடு விட்டுவிடுகிற போட்டி. மறுநாள் காலை வெர்டியின் வலைக்கம்புகளில் மூன்று பெரிய செங்கத்தாளைகள் வயிற்றைக் காட்டிக்கொண்டு சாய்ந்து கிடந்தன. மூன்றின் முதுகிலும் மஞ்சள் சீட்டு.

கொழுந்தன் டில்மன் பக்கத்துப் படகில் வந்து எட்டிப் பார்த்தான்.

"தூக்கி ஐஸ்ல போடப் போறேன். இதையே கொண்டுபோய் அந்த டாக்டரு மூஞ்சிக்கு முன்னால வைக்கிறேன்" என்றாள் வெர்டி.

"அண்ணி, பைத்தியமா? இருபத்தேழு அங்குலத்துக்கு மேல ஒண்ணு படகுல இருந்தாலே லைசென்ஸ் போயிடும். செத்த மீனா இருந்தாலும் அதேதான்."

"கொன்னவனுக்கு?"

"கொன்னவனுக்குக் கோப்பை. வேற என்ன."

வெர்டி படகின் விளிம்பில் குப்புறப் படுத்தாள். மீன் தண்ணீரிலேயே கிடக்க, மூன்று சீட்டுகளையும் கத்தியால் அறுத்துக் காப்பி டப்பாவில் போட்டாள். சீட்டில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. கூப்பிட்டாள். கடலைக் காப்பதில் அவள் பங்குக்கு நன்றி என்று ஒரு பதிவுக்குரல் சொன்னது. எண்களை ஒப்பித்தாள், மீன்கள் செத்துத் தண்ணீரில் கிடப்பதையும் தன் பேரையும் விலாசத்தையும் சொல்லிவிட்டு வைத்தாள்.

மார்ச்சில் தலைநகர் ராலேயில், மசோதா பற்றிச் சட்டசபைக் குழுவின் விசாரணை. அறையின் ஒரு பக்கம் முழுக்க வெளிர்நீலம். இன்னொரு பக்கம் வலைக்காரர்களின் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுகள். வெர்டிக்கு எல்வுடின் கோட்டுத்தான், கை மடித்துவிட்டிருந்தாள். டாக்டர் விட்லோ பன்னிரண்டு நிமிஷம் படம் போட்டுப் பேசினார். "இந்த மீன் நம்ம பேரப்பிள்ளைங்களோட சொத்து" என்றபோது குரல் தழுதழுத்தது. பேரப்பிள்ளைகள் வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

வெர்டிக்கு இரண்டு நிமிஷம். காப்பி டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்து மூன்று சீட்டுகளையும் மேசையில் வைத்தாள்.

"இதெல்லாம் போட்டிக்கு மறுநாள் என் வலைக்கம்புல செத்துக் கெடந்த மீனுங்க மேல இருந்ததுங்க ஐயா."

டாக்டர் எழுந்தார். பல் பிடுங்கும்போது பேசுகிற அதே இதமான குரல். "அம்மா, ஒரு சின்னக் கேள்வி. அந்த மீனையெல்லாம் படகுல ஏத்தினீங்களா?"

வெளிர்நீலப் பக்கம் சிரித்தது. டில்மன் கண்ணை மூடிக்கொண்டான்.

"இல்லீங்க டாக்டர். அதுங்க தண்ணியிலேயே கெடந்துச்சு. நான்தான் குனிஞ்சேன். உங்க மெஷின்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன், கேட்டுப் பாருங்க."

"சீட்டு மட்டும் கழண்டு வந்திருக்கலாம். மீன் செத்துச்சுன்னு என்ன ஆதாரம்?"

"அதுக்குத்தான் உங்க புஸ்தகத்தையும் கொண்டாந்தேன்." கோட்டுப் பையிலிருந்து சங்கத்தின் வழவழப்பான பத்திரிகையை எடுத்தாள். தூண்டில் இரை விற்கிற கடையில் இனாமாகக் கிடப்பது. "முப்பத்தொண்ணாம் பக்கம். மொத சீட்டோட எண்ணு போட்டிருக்கு, பிடிச்சவரு நீங்கதான். போட்டோவும் இருக்கு. கீழ நீங்களே எழுதியிருக்கீங்க: 'ஐந்து நண்பர்களும் தனித்தனியே படம் எடுத்துக்கொள்ள இருபது நிமிடம் பொறுமையாக ஒத்துழைத்த அழகி.' டாக்டர், உங்க தலையை நான் தண்ணிக்குள்ள இருபது நிமிஷம் பிடிச்சா நீங்களும் பொறுமையாத்தான் ஒத்துழைப்பீங்க."

கோட்டுகள் பக்கம் பெஞ்சு குலுங்கியது. குழுத் தலைவர் பத்திரிகையை வாங்கிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். நேற்றுவரை அவரும் விட்லோவின் படகில் விருந்தாளி என்று பேச்சு. ஆனால் பின்வரிசையில் நிருபர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். "இன்னும் ஆழமா ஆராய வேண்டிய விஷயம்" என்று மசோதாவை ஒத்திப்போட்டார். கொள்கைக்காக நிமிராத முதுகெலும்பு பத்திரிகைக்காரனைக் கண்டால் நிமிர்ந்துவிடுகிறது. கூட்டத்தொடர் முடிந்தது, மசோதாவும் அலமாரியிலேயே உயிரை விட்டது.

மே மாதம் வெர்டிக்கு ஒரு பார்சல் வந்தது. சங்கத்தின் அச்சடித்த கடிதம்: 'அன்புள்ள சக தூண்டில்காரரே, மூன்று சீட்டுகள் பற்றித் தகவல் தந்தமைக்கு நன்றி. தங்கள் மீன்கள் நலமாக நீந்தட்டும்!' கூடவே வெளிர்நீலத் தொப்பி ஒன்று. நெற்றியில் துள்ளுகிற செங்கத்தாளை.

டில்மன் வாய்விட்டுச் சிரித்தான். "போட்டுக்குங்க அண்ணி. சங்கத்துல சேர்த்துட்டாங்க."

மறுநாள் வலைக்குப் போனபோது அந்தத் தொப்பியைக் கோடிக்கம்பின் உச்சியில் வைத்து ஆணி அடித்தாள். வலை மீனைத் தின்னவரும் நீர்க்காகங்கள் பயந்து ஓடும் என்று கணக்கு.

ஒன்றும் ஓடவில்லை. மத்தியானத்துக்குள் ஒரு கூழைக்கடா அதன்மேல் சௌகரியமாக உட்கார்ந்து, பின்பக்கத்தைத் தாழ்த்தித் தன் கருத்தைச் சொல்லிவிட்டுப் போனது. வெர்டி அன்றைக்கு எஞ்சினைக்கூடத் திட்டவில்லை. பெட்டி நிறையச் செங்கத்தாளைகளோடு கரைக்குத் திரும்பினாள்.