எங்கள் அக்கா காத்துவந்த எலும்புகள்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் பள்ளிக்கூடத்துத் தோழிகளுக்கும் வணக்கம். முதல் பக்கப் படத்தில் அக்கா கழுத்தில் விசிலோடு நிற்கிறார். பட்டுச்சேலை கட்டிய படம் போடலாம் என்று அத்தான் சொன்னார். அந்தப் படங்களில் இருப்பவர் யாரோ ஒரு கல்யாண வீட்டு அம்மாள். நான் பிடிவாதமாக இதையே போடச் சொன்னேன்.

அக்கா பிறந்தது அச்சன்புதூரில். எங்கள் அப்பா காலமானபோது அக்கா பள்ளிக்கூடம் கூட முடிக்கவில்லை. எனக்கும் தம்பிக்கும் விவரம் தெரியாத வயது. வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அம்மாவைத் தேற்றி, எங்களையும் பார்த்துக்கொண்டு, உடற்பயிற்சி ஆசிரியைப் பயிற்சி முடித்துத் தென்காசியில் பெண்கள் பள்ளி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். பெண்பிள்ளைக்கு டிரில் டீச்சர் வேலையா என்று பேசாத உறவினர் இல்லை. பேசியவர்களில் சிலர் இந்த மலரையும் வாசிப்பீர்கள். அக்கா யார்மீதும் வருத்தம் வைத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் இன்னும் இருக்கிறது.

கூன் போட்டு நடக்கிறவர்களைக் கண்டால் அக்காவுக்குப் பொறுக்காது. வீட்டுக்கு வந்த விருந்தாளி என்றும் பார்க்க மாட்டார். "ஏட்டி, முதுக நிமித்து. கீழ என்னத்தையும் தொலைச்சிட்டியா?" என்று கேட்டுவிடுவார். அத்தான் சுரண்டையில் உரக்கடை வைத்திருந்தார். அவருக்கும் இதே அதட்டல்தான். அக்காவைக் கட்டிய பிறகுதான் தன் உயரமே தனக்குத் தெரிந்தது என்று அத்தான் சிரிப்பார்.

எழுபதுகளின் கடைசியில் அக்காவின் மார்பில் கட்டி தெரிந்தது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். ஒரு பக்க மார்பை எடுத்தார்கள். பெண்களுக்கு ஊறும் சுரப்புதான் அந்த நோய்க்குத் தீனி என்று சொல்லிச் சினைப்பைகளையும் எடுத்தார்கள். அதன்பிறகு தினமும் ஒரு மாத்திரை என்றார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா அக்காவை உட்காரவைத்துச் சொன்னதை நான் கூடவே இருந்து கேட்டேன்.

"இந்த வைத்தியத்துல எலும்புல உள்ள சத்து வேகமா இறங்கிரும். கால்சியம் மாத்திரைய விடாதீங்க. பால் குடிங்க, வெயில்ல நடங்க, வழுக்கி விழுந்திராதீங்க. முதுகுலயோ இடுப்புலயோ வலி வந்து விடாம நின்னுதுன்னா, உடனே இங்க வந்திரணும்."

அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நான் திரும்பக் கிரவுண்டுல நிக்கலாமா டாக்டர்?"

"எலும்பப் பாத்துக்கிட்டா நிக்கலாம்."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அக்கா ஆண்டுக்கணக்கில் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது! சுண்ணாம்புக் கட்டிபோல் இருக்கும் அந்தப் பெரிய மாத்திரை தொண்டையில் இறங்காது. இரண்டாக உடைத்து, கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவார். காப்பி குடித்தால் சத்து உடம்பில் சேராது என்று யாரோ சொல்லப்போக, அன்றோடு காப்பியை விட்டார். எங்கள் வீட்டில் காப்பியை விடுவது சாமானியக் காரியமில்லை. கேழ்வரகு, எள்ளு, முருங்கைக்கீரை என்று மாறிமாறிச் சாப்பிட்டார். ஈரத் தரையில் ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தார்.

வெயிலுக்குத்தான் பெரும்பாடு. ஊரெல்லாம் சாரலைக் கொண்டாடும். அக்கா மொட்டைமாடியில் நின்று வானத்தைத் திட்டுவார். "சாரல், சாரல்னு ஆடுதீகளே, எனக்கு வெயிலு யாரு தருவா?" சாரல் காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தானோடு சுரண்டைக்குப் பஸ் ஏறிவிடுவார். அங்கே வானம் வெளுத்துக் கிடக்கும். உரக்கடைக்குப் பின்னால் வெட்டவெளியில், ரவிக்கைக் கையை மேலே சுருட்டிவிட்டு அக்கா நடப்பார். குற்றாலத்துக்கு ஊர் ஊராய் ஜனம் வந்துகொண்டிருக்க, அந்தப் பக்கத்திலிருந்து வெயில் தேடிப் பஸ் ஏறிய ஆள் எங்கள் அக்கா ஒருவராகத்தான் இருப்பார்.

பள்ளிக்கூடத்துக்கும் திரும்பினார். விளையாட்டு விழாவில் அணிவகுப்பு நடத்தினார். ஓட முடியவில்லை என்றாலும் விசில் சத்தம் குறையவில்லை. பிழைத்துவிட்டார் என்றே நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

பிறகு முதுகு வலி வந்தது. எலும்பு தேயும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால், இது அந்தத் தேய்மானம்தான் என்று அக்காவே முடிவு கட்டிவிட்டார். தினமும் ஒன்றாக இருந்த கால்சியம் மாத்திரையை இரண்டாகக் கூட்டினார். அதோடு நம் ஊர் வைத்தியம் இருக்கவே இருக்கிறதே. இடுப்புப் பிடித்தாலும் அருவி, கழுத்துச் சுளுக்கினாலும் அருவி. தண்ணீர் அடிக்கிற அடியில் வலி பறந்துபோகும் என்று நம்பாதவர்கள் நம் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? புலியருவியில் தண்ணீர் மெதுவாக விழும், அங்கே போகலாம் என்று சொன்னேன்.

"அங்கன குளிச்சா குளிச்ச மாதிரியாட்டி இருக்கும்? நல்லா அடிச்சாத்தான் வலி போவும்" என்று பேரருவிக்கே கிளம்பினார்.

பெண்கள் பக்கத்தில் கூட்டம் நெருக்கியது. நனைந்த சேலையில் அக்காவின் மார்பு ஒரு பக்கம் தட்டையாகத் தெரிய, ஒருத்தி வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். அக்கா அவள் பக்கம் திரும்பி, "என்னம்மா பாக்க? போனது ஒண்ணுதான். நான் போவலல்லா?" என்றார். அந்தப் பெண் வெட்கப்பட்டு, அக்கா நிற்க இடம் விட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, விழுகிற தண்ணீருக்கு முதுகைக் காட்டி அக்கா நின்றார். வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. வலி இல்லை என்றார். இரண்டு நாள் உண்மையாகவே இல்லை. அந்த இரண்டு நாளை நம்பித்தான் சீசன் முழுவதும் போய்க்கொண்டிருந்தோம்.

சீசன் முடியும் சமயத்தில், குளித்துவிட்டு ஈரச்சேலையைப் பிழியக் குனிந்தவர், "ஏட்டி, பிடி" என்றார். நான் பிடிப்பதற்குள் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவர் சொந்தக் காலில் எழவே இல்லை.

திருநெல்வேலியில் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து டாக்டரம்மா பார்த்தார். பிறகு அத்தானையும் என்னையும் வெளியே அழைத்தார். "இது வெறும் தேய்மானம் இல்ல. நோய் எலும்புக்குள்ள போயிருச்சு. வலி தொடங்கினப்பவே ஏன் வரல?" என்று கேட்டார். அத்தான் அருவியில் குளித்ததைச் சொன்னார். டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை. எலும்பு கரைந்து அந்தச் சத்தெல்லாம் ரத்தத்தில் ஏறியிருக்கிறது, அதனால் கால்சியம் மாத்திரையை இன்றே நிறுத்த வேண்டும் என்றார்.

இதை அக்காவிடம் சொல்லும் பொறுப்பு என்மேல் விழுந்தது. நோய் பரவியதைச் சொன்னபோது அக்கா அழவில்லை. மாத்திரையை நிறுத்தச் சொன்னதைச் சொன்னதும்தான் முகம் உடைந்தது.

"அதையுமா நிறுத்தச் சொல்லிட்டாக? அப்பம் இனிமே நான் எதப் பிடிச்சிக்கிட்டு நிக்கது?"

 

கடைசி நாட்களில் தீராத தாகம். குடிக்கக் குடிக்கத் தண்ணீர் கேட்டார். நினைவு வந்து வந்து போனது. புரட்டிப் படுக்க வைத்தாலே எங்காவது எலும்பு முறிந்துவிடுமோ என்று நாங்கள் தொடவே பயந்தோம். எத்தனையோ பிள்ளைகளை நிமிரவைத்தவரைத் தலையணைகளுக்கு நடுவே படுக்கவைத்துவிட்டு, கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடவுள்மேல் எனக்கு இருந்த பக்தி அந்த அறையிலேயே போய்விட்டது. பெரியவர்கள் மன்னிக்க வேண்டும்.

இதை வாசிக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வைத்தியத்தில் இருப்பவர்கள் டாக்டர் சொன்னபடி எலும்பைப் பேணுங்கள், மாத்திரையை அவரைக் கேட்டுச் சாப்பிடுங்கள். ஆனால் வலி வந்தால் அருவிக்கு ஓடாதீர்கள், டாக்டரிடம் ஓடுங்கள். அப்படிப் போயிருந்தால் அக்கா பிழைத்திருப்பாரா என்று நான் டாக்டரம்மாவிடம் கேட்டேன். கொஞ்சநாள் வலியில்லாமல் இருந்திருக்கலாம் என்றார். அந்தக் கொஞ்சநாளை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அக்காவின் நோய்க்காலத்தில் முகம் சுளிக்காமல் வைத்தியம் பார்த்த டாக்டரம்மாவுக்கும், அருவிக்கரையிலிருந்து அக்காவைத் தூக்கிவந்து காரில் ஏற்றிய பெயர் தெரியாத பெண்களுக்கும், படுக்கையருகே மாறிமாறி இருந்த பள்ளித் தோழிகளுக்கும், அக்காவைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்ட அத்தானுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

தம்பிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். கொள்ளி வைத்ததும், மறுநாள் காடாற்றுக்குப் போய் எலும்பு பொறுக்கியதும் அவன்தான். பாபநாசத்தில் கரைத்துவிட்டு வந்தவனிடம், எல்லாம் முறையாக எடுத்தாயா என்று கேட்டேன். வாசலில் நின்றபடியே சொன்னான்.

"எடுக்கதுக்கு என்னக்கா இருந்துச்சு? தொட்டதெல்லாம் பொடியாப் போச்சு."

இப்படிக்கு,
தங்கை