தாமதத்துக்குக் காரணம்

இறப்புப் பதிவு ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருக்கும் அந்தக் குமாஸ்தா கறார் ஆசாமி. செத்தவர்களே நேரில் வந்தாலும் வரிசையில்தான் நிறுத்துவார் என்று ஆபீசில் கேலி செய்வார்கள். முப்பது நாள் கெடுவைத் தாண்டி வருகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அவர்கள் படிவத்தின் கடைசிக் கட்டத்தில் தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டும். பாதிப் பேர் "மனசு வரல" என்று எழுதி நீட்டுவார்கள்.

"இதெல்லாம் ஒரு காரணமா? ஊர்ல இல்ல, உடம்பு சரியில்ல, இப்படி ஏதாச்சும் எழுதிட்டு வாங்க" என்று படிவத்தைத் திருப்பித் தள்ளிவிடுவார்.

இப்போது அவருடைய மனைவி இறந்து நாற்பது நாள் ஆகிவிட்டது. படிவம் அவர் மேஜை இழுப்பறையில் வெறுமையாகக் கிடந்தது.

"லீவு எடுத்ததுக்கு எங்க ஆபீஸ்ல அம்மாவோட சர்டிபிகேட் கேக்கறாங்கப்பா," என்றாள் மகள். "ஊருக்கெல்லாம் எழுதறீங்க, அம்மாவுக்கு எழுத மாட்டீங்களா?"

"நாளைக்கு எழுதறேம்மா."

தினமும் இதையே சொல்லிவந்தார், அந்த நாளை வந்தபாடில்லை. எழுதிவிட்டால் அவள் போனது உண்மையாகிவிடும் என்று அவருக்குப் பயம். இருபத்தாறு வருடம் அதையே எழுதியவருக்கு இப்படி ஒரு பயம்.

விடிந்தால் கடற்கரைக்குப் போவதை மட்டும் அவர் விடவில்லை. கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்புவார். முன்பு மனைவியும் கூட வருவாள்; எப்போதும் அவள்தான் கடல் பக்கமாக நடப்பாள். நண்டைக் கண்டால் நின்றுவிடுவாள். "ஆபீசுக்கு நேரமாச்சு, நண்டெல்லாம் நாளைக்கும் இருக்கும்" என்று இவர் விரட்டுவார். நடந்தபடியே வாய்க்குள் பிரார்த்தனை செய்வதும் அவர் வழக்கம். அவள் போன நாளிலிருந்து கடவுளோடு பேச்சுவார்த்தை கிடையாது.

நாற்பத்தோராம் நாள் காலை தூறல். கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். ஈர மணலில் சுண்டுவிரல் அளவு நண்டு ஒன்று வளையிலிருந்து மண்ணை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அலை வந்து வளையை மூடியது. நண்டு மறுபடி மேலே வந்தது. மறுபடி அலை, மறுபடி நண்டு. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இங்க பாரேன், விடாது போலிருக்கே!" என்று கடல் பக்கம் திரும்பினார்.

அந்தப் பக்கம் தண்ணீர்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியிலும் அழாத மனிதர் ஈர மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். சுற்றிலும் ஆள் இல்லை. ஆனாலும் யாரோ பக்கத்தில் இருந்து கேட்பதாகத்தான் அவருக்குத் தோன்றியது.

"அவள நல்லபடியா பாத்துக்கோ," என்றார். கோபம் தீரவில்லை. நின்றுபோன பேச்சு மட்டும் திரும்பி வந்தது.

அன்று ஆபீசில் அவர் தன் நாற்காலிக்குப் போகவில்லை. இழுப்பறையிலிருந்த படிவத்தை எடுத்துக்கொண்டு, கால்சட்டையில் ஒட்டிய மணலோடு, ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்றார். உள்ளே இருந்த பக்கத்து சீட் அம்மாள் பதறிப்போனார்.

"சார், நீங்க எதுக்கு வெளிய நிக்கறீங்க?"

"இருக்கட்டும்மா. என் முறை வரட்டும்."

முறை வந்தது. எல்லாக் கட்டங்களையும் நிரப்பியவரின் பேனா கடைசிக் கட்டத்தில் நின்றது. அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உடம்பு சரியில்லன்னு போட்டுடுங்க சார். நீங்களே சொல்றதுதானே."

அவர் எழுதி, படிவத்தை உள்ளே தள்ளினார்.

"மனசு வரலன்னு எழுதியிருக்கேன். திருப்பித் தரணும்னா தாம்மா."

அம்மாள் முத்திரையை எடுத்துக் குத்தினார்.