சீட் இல்லாத வண்டி

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, அவருடைய பழைய பிக்கப் வண்டியின் தரையைச் சரிபார்க்கச் சீட்டைக் கழற்றியது. மார்ச் மாத ஞாயிறு. மூன்று பேர் உட்காரும் ஒரே நீளச் சீட், நான்கு போல்ட். இரண்டு கழன்றன; பனி உருகச் சாலையில் தூவும் உப்பு தின்றதில் இரண்டு ஒடிந்தன.

ரப்பர் விரிப்பை உரித்தேன். தரைத் தகடு இருக்க வேண்டிய இடத்தில் 'நில்' என்று எழுதிய சாலைப் பலகை. சுற்றிலும் தார் பூசியிருந்தார்.

"என்னப்பா இது?"

"நல்ல அலுமினியம். துருவே பிடிக்காது."

"புகைக்குழாயும் ஓட்டை. புகை நேரா உள்ள வருது. குளிர்காலம் முழுக்கத் தலைவலின்னு சொன்னீங்களே!"

"அது வயசு, இன்ஸ்பெக்டரம்மா."

நான் வெல்டிங் ஆய்வாளர். பலகையை வெட்டி எறிந்தேன். கீழே பனி தெரிந்தது. சனிக்கிழமை புதுத் தகடு கொண்டுவருகிறேன், அதுவரை வண்டியைத் தொடாதீர்கள் என்றேன்.

"சீட்டே இல்லாம எங்கடி போவேன்?"

சாவியை எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.

வியாழன் ஒன்றரை அடி பனி. எங்கள் மிச்சிகன் வடகோடியில், வண்டியின் முன்னால் பனி தள்ளும் தகடு வைத்திருப்பவன் அக்கம்பக்கத்து வாசல்களில் பனியை ஒதுக்கிவிட்டுத்தான் காப்பி குடிப்பான். மற்றவர்கள் வாய்விட்டுக் கேட்கும்வரை விடுவதே அவனுக்கு அவமானம். அப்பா பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து கிளம்பினார். இரண்டு வீடு முடித்தார். பாலத்து வளைவில் வாளி சறுக்கியது. பிரேக்குக்குக் கால் எட்டவில்லை. வண்டி ஓடைக்குள் இறங்கியது.

அடக்கம் முடிந்து தேவாலயத்தில் காப்பி கொடுத்தார்கள். அப்பாவின் நண்பர் ரூபன் என் தோளைத் தட்டினார்.

"வாளிமேல உக்காந்து ஓட்டிருக்கான்! நம்ம ஆர்விட் மாதிரி எவன் இருக்கான்?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"வாளிலேருந்து விழுந்து செத்துட்டாரு," என்றேன். "உங்க ஒருத்தர் வீட்லயும் மண்வாரி இல்லையா? ரெண்டு நாள் பொறுக்க முடியாதா?"

"நாங்க யாரும் கேக்கலையேம்மா," என்றார் ரூபன்.

கேட்கவில்லைதான். அதுதான் எரிகிறது. தரையை வெட்டியவளும் நான்தான். விட்டிருந்தால் தலைவலியோடு உட்கார்ந்திருப்பார்.

அன்று மூன்றாவதாக அப்பா போகவிருந்தது, தனியாக இருக்கும் ஹில்மா அம்மாள் வீட்டுக்கு. அவர் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் லாரி வெள்ளிக்கிழமை வந்தது. பாதை பனியில் அடைத்துக் கிடந்ததால் எண்ணெய் ஊற்றாமலே திரும்பிப் போயிற்று.